இரைச்சலுக்காக எர்த் பின்னை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தாலே பரண் ஒழிக்கும் வேலை தொடங்கிவிடும். போகிக்கு முன்னால் கீழே இறங்கும் சாமான்களில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டு பிளேயர், தூக்க முடியாத கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர், துணி கிழிந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். இசைத்தட்டுகள்மீது இளையவர்களுக்கு மறுபடி ஆசை வந்திருப்பதால் அவை இப்போது காயலான் கடைக்குப் போவதில்லை. தூசி தட்டி அன்றைக்கே பிளக்கில் சொருகிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பழைய செட் வாங்கி வருபவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றியே இந்தக் கடிதம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த். செட்டை மாட்டியதும் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் விடாமல் கேட்கும். கேபிள் டிவி பெட்டியையோ கம்ப்யூட்டரையோ அதே ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த வீடுகளில் இது அதிகம். உடனே யாராவது ஒருவர் வைத்தியம் சொல்வார்: எர்த் பின்னை எடுத்துவிடு, சரியாகிவிடும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டுகிறார்கள், அல்லது மூன்றை இரண்டாக்கும் மலிவு அடாப்டரை மாட்டுகிறார்கள். இரைச்சல் நிஜமாகவே நின்றுவிடும். அதனால்தான் இந்த வைத்தியம் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. வெட்டிப் போட்டது வீட்டாரின் உயிர்க்காவலை என்று யாரும் சொல்வதில்லை.

அந்தப் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டம் அதன் வழியாகத்தான் மண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் பழசாகி உதிர்ந்து பேஸ் போய்ச் சட்டத்தைத் தொட்டால், கரண்ட் எர்த்தில் பாய்ந்து ஃபியூஸ் போகும், அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. செட் பாடிக்கொண்டே இருக்கும், சட்டத்தில் 230 வோல்ட் நிற்கும். கருவிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. ஆடியோ வயரின் மேல்வலை, அதாவது வெளியே சுற்றியிருக்கும் உலோகப் பின்னல், சட்டத்தோடு சேர்ந்ததுதான் என்பதால், ரெக்கார்டு பிளேயரின் உலோகக் கை வரைக்கும் அந்தக் கரண்ட் போகும். தட்டை மாற்ற ஈரக்கையோடு வருகிறவர் தொடுவது அந்தக் கையைத்தான்.

இரைச்சலுக்குக் காரணம் எர்த் இருப்பதல்ல, இரண்டு இடத்தில் இருப்பது. ஆம்ப்ளிஃபயர் வீட்டு எர்த்தில் இருக்கிறது. கேபிள் டிவி வயரின் மேல்வலையோ தெருவில் வேறோர் இடத்தில் மண்ணைத் தொட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருப்பதால் ஆடியோ வயரின் மேல்வலையில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. அதுதான் அந்த 'ம்ம்ம்'. கண்டுபிடிப்பது எளிது. செட்டை அணைத்து, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க வயர்களை எல்லாம் உருவிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வைத்துப் போடுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. பெரும்பாலும் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். இரையாவிட்டால் வயர்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, மாட்டிப் பாருங்கள். கேபிள் டிவிப் பெட்டியில் திருகும் கோஆக்சியல் வயரைக் கழற்றியதும் நிற்கிறதென்றால், அந்த வயருக்கு நடுவே மாட்டி மேல்வலைத் தொடர்பை மட்டும் அறுக்கும் சிறிய ஐசோலேட்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டரால் வருகிறதென்றால் ஆடியோ வயரில் போடும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பல வீடுகளில் இரண்டும் தேவைப்படாது. எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து, எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலே பாதி அடங்கிவிடும். ரெக்கார்டு பிளேயரால் மட்டும் இரைகிறதென்றால், அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய வயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள 'கிரவுண்ட்' திருகில் முறுக்கினார்களா என்று பாருங்கள். முக்கால்வாசி அது மறந்துபோன கதைதான்.

இரண்டு பின்னோடே தயாராகி வரும் கருவிகள் வேறு வகை. அவற்றின் பின்னால் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம், எர்த் வேண்டியதில்லை. முத்திரை இல்லாமல், மூன்று வயரோடு வந்ததை இரண்டாக்குவதுதான் தவறு.

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்றும் ஆகிவிடாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை எரியவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். மண்ணிலுள்ள எர்த் கெட்டிருந்தால் அந்தப் பல்பு வழியாகவே ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் என்று எர்த்தில் சேர்ந்த எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும். எலக்ட்ரீஷியனை எர்த் டெஸ்டர் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். 5 ஓம்ஸுக்குள் இருந்தால் நிம்மதி. எர்த் இழுக்கச் சோம்பி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இது வெட்டிய பின்னைவிட மோசம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் செட்டின் சட்டத்துக்கு நேரே பேஸ் வந்துவிடும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் இல்லாத வீட்டில், நல்ல ஸ்பீக்கர் வாங்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

இனி பரணிலிருந்து இறங்கிய செட். பல வருஷம் கரண்ட் பார்க்காத ஆம்ப்ளிஃபயரை நேரடியாக 230 வோல்ட்டில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் சும்மா கிடந்தால் வலுவிழக்கும். முழு வோல்டேஜ் திடீரென்று ஏறினால் கரண்ட்டைக் கசியவிட்டு, சூடாகி, வெடிக்கும். ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் சீரிஸ் போர்டு என்று ஒன்று இருக்கும். பேஸ் வயரின் நடுவே ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான். 60 அல்லது 100 வாட் இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி. உதவாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அந்தப் பல்பு வழியாக ஆம்ப்ளிஃபயரைப் போட்டால், பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கும். மங்கினால் நல்லது, கால் மணி நேரம் அப்படியே விடலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பல்பு இல்லாமல் போட்டிருந்தால் புகை வந்திருக்கும்.

பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்ட பிறகும் ஸ்பீக்கரை அவசரப்பட்டு மாட்ட வேண்டாம். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. அந்த டி.சி. ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கிவிடும். மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தால் ஸ்பீக்கர் விலையும் சேர்ந்து போகும். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் உள்ள வால்வ் செட்டில் விதி தலைகீழ்: ஸ்பீக்கர் இல்லாமல் அதைப் போடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வால்வ் செட்டுக்குள் 300, 400 வோல்ட் டி.சி. இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். பழைய ஏ.சி./டி.சி. ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, சட்டமே மெயின்ஸில் இருக்கும். குமிழ் உடைந்து உள்ளே உலோகத் தண்டு தெரிந்தால் அதைத் தொட்டுத் திருப்புவது உயிரோடு விளையாடுவது.

ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை. கண்ணாடிக் குழாயின் மூடியில் ஆம்பியரோடு 'டி' என்றோ 'எஃப்' என்றோ எழுத்து பொறித்திருக்கும். 'டி' மெதுவாகப் போவது, 'எஃப்' சட்டென்று போவது. ஜிகினாத் தாள் சுற்றுவதும் செப்புக் கம்பி கட்டுவதும், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரை எரிய விடுவதற்கான ஏற்பாடு. மாற்றிய ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவதைப் போடாதீர்கள்.

வெளிநாட்டுச் செட் வாங்குபவர்கள் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அதை இங்கே சொருகினால் சில நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் கருகும் வாடை வரும். சில செட்டுகளில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை 220 அல்லது 240க்குத் திருப்பிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் 300 வாட் என்றிருந்தால் 500 வி.ஏ.க்கு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் பொதுச் சுற்று அறுந்தால் 230 வோல்ட் அப்படியே மறுபக்கம் வரும். உள்ளே இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசோலேஷன் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வோல்டேஜைச் சரி செய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. அமெரிக்கா, சவூதி, ஜப்பானின் மேற்குப் பகுதி எல்லாம் 60 ஹெர்ட்ஸ். அங்கே செய்த ஏ.சி. மோட்டார் ரெக்கார்டு பிளேயர், நம் 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 27.8 சுற்றே சுற்றும். பாட்டு இழுக்கும், பெண் குரல் ஆண் குரல் போலக் கேட்கும். மோட்டார் தண்டில் உள்ள கப்பியை மாற்றினால் சரியாகும். டி.சி. மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போய் வருவது நமக்குப் பழகிவிட்டது. போனதும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள், வந்து இரண்டு நிமிஷம் கழித்துப் போடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்து போவது. அப்போது வீட்டுக்குள் 230 வோல்ட் 400ஐ நெருங்கும். சில விளக்கு கண்ணைக் கூசும், சில மங்கும், ஃபேன் வெறி பிடித்ததுபோல் சுற்றும். என்ன ஏதென்று யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் சிறிய வில்லை இதைத் தாங்காது, அதுவே எரியும். வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் மாட்டுவதுதான் வழி. இடி மின்னலுக்கோ, வானம் கறுக்கும்போதே மூன்று பின் பிளக்கையும் கேபிள் டிவி வயரையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்து உருவ வேண்டும். பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு கேபிள் வயரை விட்டுவைத்த வீடுகளில்தான் செட் போகிறது. இடி விழ ஆரம்பித்த பிறகு வயர்களைத் தொடாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயர் உறுமும், சூடாகும். சைன் வேவ் இல்லையென்றால் கரண்ட் வரும்வரை பாட்டை நிறுத்தி வைக்கலாம்.

சூட்டைப் பற்றி நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபயருக்குப் பூவேலை செய்த துணி உறை போடுவோம், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைப்போம். உறை போட்ட பெரியவர்கள் சொன்னதும் சரிதான், தூசி உள்ளே போகாது. ஆனால் அணைத்து, ஆறிய பிறகு போடுங்கள். பாடும்போது மேலே 10 முதல் 15 செ.மீ., பக்கவாட்டில் 5 செ.மீ. காலியாக இருக்க வேண்டும், ஷோகேஸின் முதுகுப் பலகையில் ஓட்டை இருக்க வேண்டும். கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் பாடும் செட் எத்தனை வருஷம் தாங்கும் என்று இதிலிருந்தே போட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கதகதப்பைத் தேடித்தான் பல்லி வருகிறது. அடிப்பக்க ஓட்டை வழியாக நுழைந்து, மெயின்ஸ் வரும் இரண்டு முனைகளுக்கு நடுவே உடம்பை வைத்தால் ஒரு பளிச், ஒரு வாடை, ஃபியூஸ் போய்விடும். மூடியைத் திறந்தால் கருகிய வாலும், சர்க்யூட் போர்டு ஓரமாக இரண்டு முட்டை ஓடும் கிடக்கும். அடியிலும் பின்னாலும் உள்ள ஓட்டைகளுக்கு வெளிப்புறமாக, 2 மி.மீ. கண் உள்ள நைலான் வலையை ஒட்டுங்கள். கம்பி வலை வேண்டாம், இழை உதிர்ந்து உள்ளே விழும். மாதம் ஒருமுறை வலையில் படியும் தூசியைத் துடைக்காவிட்டால் அதுவே காற்றை அடைத்துவிடும். ஸ்பீக்கர் மேல் ஊதுபத்தியும் பூஜாடியும் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்பீக்கருக்கு ஆடம்பர வயர் வேண்டாம். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் செப்பு வயரே போதும்: 5 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., 10 மீட்டர் வரை 2.5. முனையில் 10 மி.மீ. உரித்து இறுக்கி முறுக்குங்கள். பிரிந்து நிற்கும் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலே பல ஆம்ப்ளிஃபயரில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். எது பிளஸ் என்று தெரியாத பழைய ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு நொடி தொடச் செய்யுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒன்றை மாற்றி மாட்டினால் கனத்த கீழ்ஸ்தாயி ஒலி காணாமல் போகும், பாடுபவர் நடுவில் நிற்க மாட்டார். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்தால் 4 ஓம்ஸ். ஆம்ப்ளிஃபயர் தகட்டில் குறைந்தபட்சம் 8 என்று போட்டிருந்தால் அப்படிச் சேர்க்கக் கூடாது. சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்பதும் தவறு. 30 வாட் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி ஒலி கரகரக்க விட்டால், வெட்டுப்பட்ட அந்த அலையின் கீச்சுப் பகுதி 100 வாட் ஸ்பீக்கரில் கீச்சு ஒலிக்கென்று உள்ள சிறிய ட்வீட்டரைக் கருக்கும். கரகரத்த உடனே குறைத்துவிடுங்கள்.

ரெக்கார்டு பிளேயரைப் பற்றிச் சுருக்கமாக. அதை ஸ்பீக்கர் இருக்கும் மேஜையில் வைக்காதீர்கள், அதிர்வு முள்ளுக்குத் திரும்பி ஊளையிடும். ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். கை அந்தரத்தில் மிதக்கும்படி பின் எடையைத் திருகி, அந்த இடத்தைப் பூஜ்யமாக்கி, பிறகு முள் தயாரிப்பாளர் சொன்ன எடைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான மேக்னடிக் முள்ளுக்கு 1.5 முதல் 2.5 கிராம். எடை குறைந்தால் தட்டு பத்திரம் என்று நினைக்க வேண்டாம், குறைந்த எடையில் முள் பள்ளத்துக்குள் குதித்துக் குதித்துத்தான் தட்டைக் கெடுக்கிறது. இந்த முள் தருவது சில மில்லிவோல்ட்தான், ஆகவே 'ஃபோனோ' என்ற இடத்தில்தான் மாட்ட வேண்டும். தட்டு கழுவக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்தில் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கேட்கும்போது ஆசிட் அல்ல, தண்ணீர் என்று சொல்லி வாங்குங்கள். பாட்டி காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக் கூடாது. அவை அரக்குத் தட்டுகள், கரைந்துவிடும். அவற்றுக்கு முள்ளும் வேறு, அகலமானது. எல்லாத் தட்டையும் நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்க வைத்தால் வளையும், ஜன்னல் வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வளையும்.

பழைய ஒலிக்கருவி விற்கும் கடைக்காரர்களுக்கும் இணையத்தில் விற்பவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செட்டின் மேலும் ஒரு சீட்டு கட்டுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், எர்த் பின் தேவையா, ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளந்தபோது எவ்வளவு என்ற நான்கு விவரம். அளந்து எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பின் வெட்டப்பட்ட பிளக்கோடு வரும் செட்டை, பிளக்கை மாற்றாமல் கைமாற்றாதீர்கள். வாங்குகிறவர்களும் அந்தச் சீட்டைக் கேளுங்கள், இல்லையென்றால் அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி